பங்குனி, சித்திரையில் உங்கள் வீதிக்கு ஒரு கலை விழா: மேடை போடாமல் நடத்துவதற்கான முழு வழிகாட்டி

மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டால் கொங்கு நாட்டில் மேளச் சத்தம் கேட்காத ஊரைக் காண்பது அரிது. மாரியம்மன் கோவிலில் விழாவின் தொடக்கச் சடங்கான பூச்சாட்டு நடக்கும். முக்கிளையாகப் பிரிந்த மரத்தை வெட்டிவந்து கம்பமாக நடுவார்கள். விடியும் முன்பே பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்று, மஞ்சளும் வேப்பிலையும் கலந்த நீரை அதற்கு ஊற்றுவார்கள். இரவானால் அதே கம்பத்தைச் சுற்றி ஆட்டம் தொடங்கும். அந்த ஆட்டத்துக்கு மேடை கிடையாது, முன்வரிசை நாற்காலி கிடையாது. வேடிக்கை பார்க்க வந்தவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தால் அந்த நொடியே அவரும் ஆட்டக்காரர்.

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் புதிதாக எழுந்த குடியிருப்பு வீதிகளில் இந்தக் கம்பம் இல்லை. மாநகராட்சிக் குடிநீர் திறந்துவிடும் நாளில் மட்டும் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிக்கொள்கிற வீதிகள் அவை. அங்கே குடியிருப்பவர்கள் யாராவது, குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து கொண்டாடுகிற மாதிரி ஒரு நாள் வைக்கலாம் என்று நினைத்தால், முதலில் மனத்தில் வருவது மேடை, பந்தல், ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினர். நாங்களும் முதல் ஆண்டு அப்படித்தான் செய்தோம். பொன்னாடை போர்த்தி முடிப்பதற்கே இரவு எட்டரை ஆகிவிட்டது. நடனம் கற்ற ஐந்தாறு பிள்ளைகள் ஆடினார்கள். மற்ற பிள்ளைகள் அம்மா மடியில் தூங்கிப்போனார்கள். எல்லாம் முடிந்து, பையன்கள் நாற்காலிகளை அடுக்கி ஓரத்தில் வைத்தபோது மண்தரை காலியாகக் கிடந்தது. மூன்றாவது வீட்டு அமுச்சி ஒருவர், கையிலிருந்த வெற்றிலைத் தட்டைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகி, கரகரத்த குரலில் ஒரு கும்மி வரியை எடுத்தார். நாலு பேர் சேர்ந்தார்கள். பத்து நிமிடத்தில் வட்டம் காம்பவுண்டுச் சுவர்வரை விரிந்துவிட்டது. அன்றைக்கு நடந்த விழா என்று எங்கள் வீதிக்காரர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது அந்த அரைமணி நேரத்தைத்தான். நாற்காலியை எடுத்த பிறகுதான் அதற்கு இடம் கிடைத்தது.

அடுத்த ஆண்டிலிருந்து மேடையே போடுவதில்லை. அப்படி ஒரு விழாவை முதல் வேலையிலிருந்து மறுநாள் கூட்டிப் பெருக்குவது வரை எப்படி நடத்துவது என்பதை, செய்து பார்த்த அளவில் கீழே எழுதியிருக்கிறேன்.

நாள் குறிப்பது

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்பது பழைய கணக்கு. ஆனால் நகரத்து வீதிக்கு நாள் குறிப்பது பள்ளிக்கூடத் தேர்வு அட்டவணைதான். மார்ச் முழுக்கப் பிளஸ் டூ தேர்வு. பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரல் முதல் பாதிவரை நீளும் ஆண்டுகள் உண்டு. சின்ன வகுப்புகளுக்கு அதற்குப் பின்னும் சில நாள் இழுக்கும். மே பிறந்தால் பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கும். ஆகவே சித்திரையின் இரண்டாம் சனிக்கிழமை, அதாவது ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டிய சனிக்கிழமை, மற்ற எல்லா நாளையும்விடப் பொருந்தும். சனிக்கிழமை என்று சொல்வதற்குக் காரணம் கோடை மழை. பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு, மாலை நாலரை மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்து இடியோடு கொட்டுகிற மாதம் அது. சனிக்கிழமை மழை அடித்தால் ஞாயிற்றுக்கிழமை நடத்தலாம். மாற்று நாளை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

நாளை முடிவு செய்யும் முன் வீதியில் யார் யார் எதைக் கொண்டாடுகிறார்கள் என்று கேளுங்கள். கொங்கு நகரங்களில் தமிழ் பேசும் வீட்டுக்குப் பக்கத்தில் தெலுங்கு பேசும் வீடும், கன்னடம் பேசும் நெசவாளர் வீடும், பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பமும் இருப்பது புதிதல்ல. யுகாதி, சித்திரைக்கனி, விஷு என மூன்று புத்தாண்டும் சில வாரங்களுக்குள் வந்துவிடுகின்றன. ரமலான் நோன்பு ஆண்டுக்குப் பதினோரு நாள் அளவுக்கு முன்னால் நகர்ந்துகொண்டே போகும். நோன்புக் காலத்தில் மாலை ஆறு மணிக்கு விழாவைத் தொடங்கினால் அந்த வீட்டாரை வரவேண்டாம் என்று சொன்னது போலாகிவிடும். புனித வெள்ளிக்கும் அதே யோசனை வேண்டும். பக்கத்துக் கோவிலில் கம்பம் நட்டிருக்கிற நாட்களில் போட்டியாக எதையும் வைக்காதீர்கள். அங்கே போய் நீங்களும் ஆடுங்கள்.

இடம்: ஏழு சென்ட் கணக்கு

கும்மி வட்டத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கைதட்டிக் குனிந்து நிமிர ஒருவருக்கு மூன்று அடி வேண்டும். நாற்பது பேர் ஆடினால் வட்டத்தின் சுற்றளவு 120 அடி. குறுக்களவு 38 அடி. பார்ப்பவர்கள் நிற்கச் சுற்றிலும் எட்டு அடி விட்டால் 54 அடிக்கு 54 அடி, கிட்டத்தட்ட ஏழு சென்ட். முப்பதடி வீதியில் இந்த வட்டம் அடங்காது. அடங்காத இடத்தில் வட்டத்தை நசுக்கி முட்டை வடிவில் ஆடவைத்தால் ஓரத்தில் இருப்பவர்கள் இடித்துக்கொண்டு தாளம் தவறுகிறார்கள். வீதிதான் கிடைக்கிறது என்றால் கும்மியைக் குறைத்துக்கொண்டு, வரிசையாக நின்று ஆடும் ஒயிலாட்டத்தை முதன்மையாக வையுங்கள். நீளமான இடம் ஒயிலுக்கு, சதுரமான இடம் கும்மிக்கு.

கோவைப் பக்கத்துப் பழைய லே-அவுட்டுகளில் ‘ரிசர்வ் சைட்’ என்று ஒன்று இருக்கும். பூங்காவுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் ஒதுக்கப்பட்ட அந்த இடம் பல வீதிகளில் சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடுகளும் குவிந்து கிடக்கிறது. ஒரு மாதம் முன்பே அதைச் சுத்தம் செய்யத் தொடங்குங்கள். எங்கள் அனுபவத்தில், அந்த இடத்தை நாலு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சுத்தம் செய்ததுதான் விழாவின் முதல் பாகம். மண்வெட்டி கேட்டு வந்த சாக்கில் அறிமுகமானவர்கள் பலர்.

மண்தரையாக இருப்பதே நல்லது. சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த சிமெண்டுத் தரையும் தார்ச்சாலையும் மாலை ஆறு மணிக்கும் வெறுங்காலைச் சுடும். மண்ணென்றால் ஐந்து மணிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டால் புழுதியும் அடங்கும், சூடும் இறங்கும். கண்ணாடித் துண்டும் முள்ளும் இருக்கிறதா என்று முந்தைய நாள் இரண்டு பேர் குனிந்து பார்த்தபடியே முழுத் தரையையும் நடந்துவிட வேண்டும். வெறுங்காலோடு ஆடப்போகிறவர்களுக்கு நாம் செய்யவேண்டிய முதல் மரியாதை அது.

வீடு வீடாகப் போவது

வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள், பின்வாசல் அறையில் தங்கி மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகும் வெளிமாநிலத்துத் தம்பிகள், வீட்டுவேலைக்கு வந்துபோகும் அக்காமார்கள் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். கோவில் விழாக்களில் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. வரி கொடுக்கும் குடும்பத்துக்கே விழாவில் உரிமை என்ற எண்ணம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். வீதி விழாவுக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே உறங்கி எழுகிற எல்லோருக்கும் அது சொந்த வீதி.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பணம் கேட்காதீர்கள். மூன்றே கேள்விகள் கேளுங்கள்: உங்கள் வீட்டில் யாருக்காவது பாட்டோ ஆட்டமோ மேளமோ கைவேலையோ தெரியுமா? என்ன பலகாரம் செய்வீர்கள்? எந்த நேரத்தில் சத்தம் உங்களுக்குத் தொந்தரவு? மூன்றாவது கேள்வியை மறக்கவே கூடாது. கைக்குழந்தை இருக்கும் வீடு, படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கும் வீடு, இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குபவர் வீடு எல்லாம் அந்தக் கேள்வியில்தான் தெரியவரும்.

முதல் கேள்விக்கு, “எங்களுக்கு என்னங்க தெரியும்” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சற்று உட்கார்ந்து பேசினால், ஒரு அப்பாருக்கு உடுக்கை அடிக்கத் தெரியும், ஒரு அத்தைக்கு நாற்று நடவுப் பாட்டு தெரியும், ஒரு தம்பி தன் ஊரில் டோலக் வாசித்தவன் என்பதெல்லாம் மெல்ல வெளியே வரும்.

கும்மி: நாற்பது மாலைகள்

இந்த விழாவில் அதிக உழைப்பைக் கேட்பதும், அதைவிட அதிகமாகத் திருப்பித் தருவதும் கும்மிப் பயிற்சிதான். கொங்கு நாட்டில் வள்ளிக்கும்மி சில ஆண்டுகளாகப் பெரிய எழுச்சியோடு திரும்பி வந்திருக்கிறது. முருகன் வள்ளியை மணந்த கதையை ஆசிரியர் வரி வரியாகப் பாட, ஆடுபவர்கள் திருப்பிப் பாடி, கைதட்டி, அடவு வைத்துச் சுற்றி வருவார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த மரபை மீறிப் பெண்களுக்கும் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவர். இன்றைக்கு நம் ஊர்களில் ஒரே நிறப் புடவையில் நூற்றுக்கணக்கான பெண்கள் கும்மியடிப்பதைப் பார்க்கும்போது, அப்படி யாரோ ஒருவர் மரபில் ஒரு கதவைத் திறந்ததை நினைத்துக்கொள்வேன்.

பயிற்சிக்கு ஒரு ஆசிரியரை வரவழையுங்கள். ஊர்களில் பயிற்சியை வாரக்கணக்கில் நடத்தி, கடைசியில் அரங்கேற்றம் வைப்பது வழக்கம். நகரத்து வீதிக்கு நாற்பது மாலை, மாலைக்கு ஒரு மணி நேரம் என்பது தாங்கக்கூடிய அளவு. ஏப்ரல் கடைசியில் விழா என்றால் மார்ச் நடுவில் தொடங்க வேண்டும். அது தேர்வுக் காலம் என்பதால் முதல் நான்கு வாரம் மைக்கும் மேளமும் இல்லாமல், வாயால் பாடியும் கைதட்டியும் மட்டுமே பழகுங்கள். தேர்வு முடிந்த பிள்ளைகள் கடைசி இரண்டு வாரத்தில் வந்து சேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்கு அடவு சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

தொடங்கும்போது பெரியவர்களுக்குக் கையும் காலும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. எங்கள் ஆசிரியர் முதல் வாரம் முழுக்கக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டச் சொல்லிவிட்டார். “அம்மிணி, முதலில் காலுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடு, கை தானாக வந்துவிடும்” என்பார். அடுத்த வாரம் கையை அவிழ்க்கச் சொன்னபோது, அதுவரை வெட்கப்பட்டு ஓரத்தில் நின்ற பெண்கூட மிகச்சரியாகத் தட்டினார். நாற்பது உள்ளங்கைகள் ஒரே நேரத்தில் சேரும்போது எழும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அதைக் கேட்டவர்கள் மறுநாள் பயிற்சிக்கு வராமல் இருக்க மாட்டார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வள்ளிக்கும்மி சில இடங்களில் ஒரு சாதியாரின் அடையாளமாக நடத்தப்படுகிறது. சில அரங்கேற்றங்களில் கலைக்குத் தொடர்பே இல்லாத சாதி உறுதிமொழிகளும் சேர்ந்துகொள்கின்றன. உங்கள் வீதி வட்டத்தில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஆசிரியரிடம் முதல் சந்திப்பிலேயே, “எங்கள் வீதியில் எல்லோரும் ஆடுவார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி கற்றுக்கொடுக்க வேண்டும்” என்று பணிவாகவும் தெளிவாகவும் சொல்லிவிடுங்கள். தயங்குகிறவர் என்றால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள். பக்திப் பாட்டில் சேரத் தயங்கும் வேற்று மதத்து அண்டை வீட்டாருக்காக, நாற்று நடவு, மழை, பொழுது பற்றிய கும்மிப் பாட்டுகளையும் சேர்த்துப் பழகுங்கள். நம் பாட்டிகளிடம் அவை குறைவில்லாமல் இருக்கின்றன. ஆண்களுக்கும் தனி வரிசை வேண்டும். முடிந்தால் பெருஞ்சலங்கை ஆட்டம் தெரிந்தவர் ஒருவரை ஒரு நாள் அழைத்து வாருங்கள். காலில் கட்டும் அந்தப் பெரிய சலங்கையின் கனத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பையன்கள் ஆட்டத்தை அதற்குப் பிறகு வேறு மரியாதையோடு பார்க்கிறார்கள்.

மேளம் அடிப்பவர்கள்

பறை, உருமி, ஜமாப், துடும்பு என்று கொங்கு நாட்டின் மேளச் செல்வம் பெரிது. இவற்றில் ஒரு குழுவை நேரில் போய்ப் பாருங்கள். தரகர் மூலம் பேசாதீர்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, வண்டிச் செலவு யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் அன்றே கொடுங்கள். மீதியை, அவர்கள் மேளத்தை வண்டியில் ஏற்றும் முன் கையில் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு வாருங்கள் என்று ஒரு கலைஞரை அலையவைப்பதைப் போன்ற சிறுமை வேறில்லை.

உடை மாற்ற ஒரு அறை, கழிப்பறை வசதியுள்ள ஒரு வீடு, குடிக்கத் தண்ணீர், எல்லோரோடும் ஒரே பந்தியில் சாப்பாடு இவை நான்கும் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டவை அல்ல. மேளக்காரருக்குத் தனி இடத்தில் இலை போட்ட காலத்தை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதைப் பார்க்கக் கூடாது. பறை அடிப்பவரை ஒரு பத்து நிமிடம் பிள்ளைகளோடு உட்காரச் சொல்லிக் கேளுங்கள். தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவது எதற்கு, இரண்டு குச்சிகளும் ஏன் ஒரே மாதிரி இல்லை என்று அவர் சொல்லும்போது அவர் ஒரு ஆசிரியராகப் பிள்ளைகள் மனத்தில் பதிவார்.

நேரம் இருந்தால் உடுக்கைப் பாட்டுக்காரர் ஒருவரையும் அழையுங்கள். பொன்னர், சங்கர் அண்ணன்மார் கதையை இரவு இரவாகப் பாடிய மரபு இது. 1960களில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கம் தங்கியிருந்து, பல இரவுகள் நீண்ட அந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். வீதி விழாவில் முழுக்கதைக்கு வழியில்லை. தங்கை அருக்காணித் தங்காள் வரும் ஒரு பகுதியை இருபது நிமிடம் பாடச் சொல்லுங்கள், போதும். இதைக் கடைசியில் வைக்காதீர்கள். பொழுது சாயும் நேரத்தில், கூட்டம் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது வையுங்கள்.

அனுமதி, மின்சாரம், சத்தம்

இது சலிப்பான வேலைதான். ஆனாலும் ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். ரிசர்வ் சைட்டோ பூங்காவோ என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் விண்ணப்பம். ஒலிபெருக்கிக்கும் கூட்டம் கூடுவதற்கும் உங்கள் எல்லைக்குரிய காவல் நிலையத்தில் எழுத்துமூல அனுமதி. மேளம் உண்டு என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது முக்கியம். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் ஆண்டென்றால் இன்னும் முன்கூட்டியே போங்கள். எந்த ஆண்டாக இருந்தாலும் கட்சிக் கொடி, தலைவர் படம், ஃபிளெக்ஸ் மூன்றும் வேண்டாம்.

சட்டப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் நேர ஒலி அளவு 55 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் சத்தமே 55 டெசிபலை ஒட்டி வரும் என்பதால், கூம்பு ஒலிபெருக்கிக்கு இங்கே வேலையே இல்லை. கும்மி வட்டத்தின் நடுவில், பாடுபவர் காலடியில் ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி போதும். ஆடுபவர்களுக்குத்தான் பாட்டு கேட்க வேண்டும். நாலு வீதி தள்ளி இருப்பவருக்கு அல்ல. மேளத்தை மொத்தம் அரைமணிக்குள் அடக்கி, அது எந்த அரைமணி என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மின்சாரத்தை ஒரு வீட்டிலிருந்து, அவர் சம்மதத்தோடு, கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் டிரிப்பர் உள்ள இணைப்பிலிருந்து எடுங்கள். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடுவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. தண்ணீர் தெளித்த மண்தரையில் ஒயர் கிடக்கக் கூடாது; தலைக்கு மேலே கட்டுங்கள். வீதியை மறிக்கிறீர்கள் என்றால் 108 ஆம்புலன்ஸ் நுழையும் அகலத்துக்கு ஒரு பக்கம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அங்கே நிற்பதற்கென்றே ஒருவரை வையுங்கள்.

பிள்ளைகளின் பிற்பகல்

மாலை நாலரைக்குப் பிள்ளைகளோடு தொடங்குங்கள், நிழலில். பரிசு கொடுக்கும் ஓவியப் போட்டி வேண்டாம். முதல் பரிசு வாங்கிய ஒரு பிள்ளையின் மகிழ்ச்சிக்காக இருபது பிள்ளைகள் முகம் வாடி வீட்டுக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்குப் பதில் இதைச் செய்து பாருங்கள். ஈரோட்டுக் காடாத் துணி பத்து மீட்டர் வாங்குங்கள். முந்தைய நாள் அதை அலசி, கஞ்சியைப் போக்கி, மஞ்சள் கரைத்த நீரில் முக்கிக் காயவையுங்கள். மஞ்சளும் ஈரோட்டு மஞ்சளாகவே கிடைக்கும். விழா அன்று அந்தத் துணியை வீதியில் நீளவாக்கில் விரித்து, துணி துவைக்கும் சோப்பைக் கரைத்த தண்ணீரையும் சின்னத் தூரிகைகளையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். நிறமே இல்லாத அந்தத் தண்ணீர் மஞ்சள் துணியில் பட்டவுடன் கோடு செக்கச் சிவந்து எழும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ந்தவுடன் மஞ்சள் நீர் சிவக்கும் அதே காரணம்தான்: காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவப்பாகும். பிறகு எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் தடவச் சொல்லுங்கள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பிவிடும். ஆறு வயதுப் பெண் ஒருத்தி ஒரே புள்ளியைப் பதினைந்து முறை சிவப்பாகவும் மஞ்சளாகவும் மாற்றிக்கொண்டே இருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகளிடம் தராதீர்கள், கண்ணுக்குக் கேடு; சோப்புத் தண்ணீரே போதும், அதுவும் கண்ணில் படாமல் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும்.

என்ன வரைவது? வீதியின் பழைய முகத்தை. ஒவ்வொரு பிள்ளையும் முந்தைய வாரம் ஒரு பெரியவரிடம், “இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?” என்று கேட்டுவர வேண்டும். சோளக்காடு, பருத்திக்காடு, மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறு, மில்லின் சங்கு, வண்டிப்பேட்டை எல்லாம் துணியில் வந்து சேரும். அந்தத் துணியையே மாலையில் காம்பவுண்டுச் சுவரில் கட்டிவிட்டால் விழாவுக்கு வேறு அலங்காரம் தேவைப்படாது.

இன்னொரு மூலையில் ஜமக்காளம் விரித்துப் பல்லாங்குழி, தாயம். தரையில் பாண்டிக் கட்டம், பம்பரம். கில்லியை மட்டும் கூட்டமுள்ள இடத்தில் அனுமதிக்காதீர்கள்.

சாப்பாடு

எல்லா வீட்டிலிருந்தும் ஏதேனும் ஒரு பாத்திரம் வரட்டும். சமையல்காரரை வைத்துப் பந்தி நடத்தினால் வீதி விருந்தாளியாகிவிடும். பாத்திரம் கொண்டுவந்தால் வீட்டுக்காரராகிவிடும். ஒப்புட்டு, கச்சாயம், அரிசிம்பருப்புச் சோறு, கம்மங்கூழ், நீர்மோர், பானகம், பக்கத்து வீட்டு யுகாதிப் பச்சடி, பாலக்காட்டு வீட்டுப் பாயசம் என்று தானாகவே நிறையும். அசைவம் தனி மேசையில் இருக்கலாம். அதை இழிவாகப் பேச யாரையும் விடாதீர்கள்.

எல்லோர் கண்முன்னே ஒன்று மட்டும் சமைக்கப்படட்டும்: சந்தகை. ஊறவைத்து அரைத்த அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, கொதிக்கக் கொதிக்கச் சந்தகை மரத்தில் வைத்துப் பிழிய வேண்டும். ஆறினால் மாவு இறுகி, மரம் அசையாது. அதனால் ஒருவர் ஈட்டிலிருந்து மாவை எடுத்துப் போட, இரண்டு பேர் அழுத்த, கீழே இன்னொருவர் தட்டைச் சுழற்றிச் சுழற்றி இழைகளை ஏந்த, நாலு பேர் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே மூச்சில் செய்கிற வேலை அது. கொதிக்கும் பாத்திரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். பாதியை எலுமிச்சை பிழிந்து தாளியுங்கள். பாதிக்குத் தேங்காயும் வெல்லமும் எள்ளுப்பொடியும்.

பாக்குமட்டைத் தட்டு, வாழை இலை, எவர்சில்வர் டம்ளர் போதும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டவை. குடிநீரை மண்பானைகளில் வைத்து, பக்கத்தில் அகப்பை தொங்கவிடுங்கள்.

செலவு

ஆசிரியர், மேளக்குழு, உடுக்கைக்காரர், காடாத் துணி, சின்ன ஸ்பீக்கர். இவ்வளவுதான் பெரிய செலவு. மேடையும் பந்தலும் நாற்காலியும் இல்லாததால் மிச்சமாகும் பணம் கலைஞர்களுக்குக் கூடுதலாகப் போகட்டும். மூடிய உண்டியல் ஒன்றை வையுங்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று மைக்கில் வாசிக்காதீர்கள். விளம்பரதாரர் வேண்டுமா என்று கேட்டு யாராவது வருவார்கள். வாங்கினால் அவர் பலகையை எங்கே வைப்பது என்பதில் தொடங்கி, அவரைப் பேச அழைப்பது வரை வந்து நிற்கும்.

அன்றைய நாள்

நாலரைக்குப் பிள்ளைகள். ஐந்து மணிக்குத் தரைக்குத் தண்ணீர். ஐந்தரைக்கு வீட்டுப் பெண்களும் ஆண்களும் சேர்ந்து வட்டத்தின் எல்லையை அரிசிமாவுக் கோலத்தால் வரையட்டும். அதுவே மேடையின் விளிம்பு. ஏப்ரலில் நம் பக்கம் பொழுது சாய ஆறரை ஆகும். ஆறு மணிக்கு உடுக்கைப் பாட்டு, வெளிச்சம் மங்கும்போது கும்மி. முதல் சுற்று பழகியவர்கள் ஆடட்டும். இரண்டாம் சுற்றில் ஆசிரியர் எளிய இரண்டு தட்டு அடவை எடுத்து, வெளியே நிற்பவர்களைக் கைபிடித்து உள்ளே இழுக்கட்டும். இந்த இரண்டாம் சுற்றுக்காகத்தான் இவ்வளவும். அதற்கு நேரக் கணக்குப் போடாதீர்கள். ஏழரைக்கு மேளம், எட்டுக்குச் சாப்பாடு, ஒன்பதுக்கு விளக்கணைப்பு.

வயதானவர்களுக்கு மட்டும் பத்து நாற்காலிகள் வட்டத்தை ஒட்டிப் போடுங்கள். மற்றவர்களுக்கு வீடுகளிலிருந்து வாங்கிய பவானி ஜமக்காளம்; எது யாருடையது என்று தெரிய, மூலையில் வீட்டுக்கு ஒரு நிற நூலைக் கட்டிவிடுங்கள். வரவேற்புரை, நன்றியுரை இரண்டும் இல்லை. கவுன்சிலர் வந்தால் மகிழ்ச்சி. அவரையும் கும்மிக்கு அழையுங்கள். எங்கள் வீதியில் படுக்கையிலிருந்த ஒரு பெரியவரின் சன்னலுக்கு நேராக வட்டத்தைச் சற்று நகர்த்தி அமைத்தோம். அவர் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டு, சன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டபடியே முழு ஆட்டத்தையும் பார்த்தார்.

மறுநாள் காலை

ஏழு மணிக்கு எல்லோரும் துடைப்பத்தோடு வரவேண்டும். தூய்மைப் பணியாளர்கள் வந்து சேரும் முன்பே இடம் சுத்தமாக இருக்கட்டும். அவர்கள் வந்ததும் உட்காரவைத்து காபியும், அவர்களுக்கென்று முந்தைய இரவே எடுத்துவைத்த ஒப்புட்டும் கொடுங்கள். இலைகளையும் பாக்குமட்டைகளையும் ரிசர்வ் சைட்டின் மூலையில் குழிவெட்டி மக்கவிடலாம். வரவு செலவைப் பைசா சுத்தமாக ஒரு தாளில் எழுதி எல்லா வீட்டுக் கதவிலும் செருகிவிடுங்கள். பாடப்பட்ட பாட்டுகளைப் பாடியவர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், முக்கியமாகப் பாட்டிகள் பாடியவற்றை. கைப்பேசியில் பதிவு செய்திருந்தாலும் எழுதுங்கள்.

ஜமக்காளங்களை உதறி வெயிலில் போட்டு, மண் போன பிறகு மடித்து, மூலையில் கட்டிய நூலின் நிறத்தைப் பார்த்து அந்தந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது, அடுத்த பங்குனியில் எந்த மாலை அவர்களுக்குப் பயிற்சிக்குத் தோதுப்படும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.